பட்டம் கொடுத்தார்கள்... நாற்காலி? ‘வொண்டர் வுமன்’ விட்டுச்சென்றது என்ன?

2016 அக்டோபர் 21. நியூயார்க்கில் இருக்கும் ஐ.நா. தலைமையகத்தில் ஒரு விழா. பெண்கள், சிறுமிகளின் முன்னேற்றத்துக்கான கௌரவத் தூதரை அன்று அறிவித்தார்கள். பதவி கிடைத்தது யாருக்குத் தெரியுமா? ‘வொண்டர் வுமன்’ என்ற காமிக்ஸ் நாயகிக்கு. தொலைக்காட்சியில் அந்த வேடத்தில் நடித்த லிண்டா கார்ட்டர், சினிமாவில் நடித்த கேல் கடோட் இருவரும் விழாவுக்கு வந்திருந்தார்கள். அதே அரங்கில், ஐ.நா. ஊழியர்கள் சிலர் மேடைக்கு முதுகைக் காட்டி அமைதியாக நின்றார்கள். எதிர்ப்பு மனுவில் ஏறக்குறைய 45 ஆயிரம் பேர் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு மாதம்கூட ஆகவில்லை; டிசம்பரிலேயே அந்தத் தூதர் பதவி முடிவுக்கு வந்தது.

பெண் விடுதலையின் அடையாளம் என்று கொண்டாடப்படும் ஒரு கதாபாத்திரத்தை, பெண் உரிமை பேசுகிறவர்களே ஏன் வேண்டாம் என்றார்கள்? ‘காமிக்ஸ் பொம்மைக்கெல்லாம் ஒரு பஞ்சாயத்தா?’ என்று கடந்துபோய்விடலாம். ஆனா, 80 வருஷத்துக்கு மேலாக இந்த நாயகியைச் சுற்றி நடக்கும் சண்டையைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால், அந்த ஊழியர்கள் காட்டிய எதிர்ப்பும் அவளுடைய கதையின் ஒரு அத்தியாயம்தான் என்பது புரியும்.

யார் இந்த டயானா?

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஆண்களே இல்லாத ஒரு தீவு. அங்கே அமேசான்கள் என்ற வீரப் பெண்கள் வாழ்கிறார்கள். அவர்களின் அரசி ஹிப்போலிட்டா களிமண்ணில் பிடித்த குழந்தைக்குத் தெய்வங்கள் உயிர் கொடுக்க, டயானா பிறக்கிறாள். ஒருநாள் ஸ்டீவ் ட்ரெவர் என்ற அமெரிக்க விமானி அந்தத் தீவில் வந்து விழுகிறான். அவனைக் கொண்டுபோய்ச் சேர்க்கவும், நாஜிகளுக்கு எதிரான போரில் உதவவும் டயானா வெளியுலகத்துக்கு வருகிறாள். தோட்டாவைத் தடுக்கும் கைக்காப்பு, தங்கக் கயிறு, கண்ணுக்குத் தெரியாத விமானம் ஆகியவைதான் அவளுடைய ஆயுதங்கள்.

அவள் முதலில் தோன்றியது 1941-ன் கடைசியில், ‘ஆல் ஸ்டார் காமிக்ஸ்’ எட்டாவது இதழில். சூப்பர்மேன் வந்து மூன்று வருஷம், பேட்மேன் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. 1942-ல் அவள் பெயரிலேயே தனி இதழ் வந்துவிட்டது. 1950-களில் சூப்பர்ஹீரோ காமிக்ஸ் சந்தை படுத்தபோது ஏராளமான நாயகர்கள் காணாமல் போனார்கள். அப்போதும் தனி இதழோடு தாக்குப்பிடித்த விரல்விட்டு எண்ணக்கூடியவர்களில் அவளும் ஒருத்தி. அந்த வகையில் சூப்பர்மேன், பேட்மேன் இருவருக்கும் சமமான மூன்றாவது ஆள். ஆனா அவர்களுக்குக் கிடைத்தது இவளுக்குக் கிடைத்ததா? அங்கேதான் விஷயமே ஆரம்பிக்கிறது.

பொய்யைக் கண்டுபிடித்தவரின் வீட்டு ரகசியம்

அட்டையில் எழுத்தாளர் பெயர் ‘சார்லஸ் மோல்டன்’ என்றிருக்கும். அது புனைபெயர். உண்மையான ஆள் வில்லியம் மோல்டன் மார்ஸ்டன். ஹார்வர்டில் சட்டமும் உளவியலும் படித்தவர். ஒருவர் பொய் சொல்லும்போது ரத்த அழுத்தம் மாறும் என்பதை வைத்து ஒரு சோதனையை உருவாக்கியவர். பொய் கண்டறியும் கருவியின் முன்னோடிகளில் அவருக்கு இடம் உண்டு. அந்தச் சோதனையைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று 1923-ல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று மறுத்துவிட்டது தனிக் கதை.

பெண்கள்தான் ஒருநாள் உலகத்தை ஆளப் போகிறார்கள் என்று மார்ஸ்டன் வெளிப்படையாகவே பேசினார். சிறுமிகளுக்கு ஒரு பலமான முன்மாதிரி வேண்டும் என்று சொல்லித்தான் டயானாவை உருவாக்கினார். அந்த எண்ணம் வானத்திலிருந்து குதித்துவிடவில்லை. அவர் மனைவி எலிசபெத் ஹாலோவேயும் சட்டமும் உளவியலும் படித்தவர். மார்ஸ்டனுக்கு நிலையான வேலை இல்லாத காலத்தில் வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கியவர் அவர்தான். அதே வீட்டில் ஆலிவ் பர்ன் என்ற பெண்ணும் மார்ஸ்டனுக்குத் துணையாக வாழ்ந்தார். இரண்டு பெண்களுக்கும் தலா இரண்டு குழந்தைகள். நாலு பேரையும் வீட்டிலிருந்து வளர்த்தவர் ஆலிவ். இந்த ஏற்பாடு வெளியுலகத்துக்குத் தெரியாமல் பல காலம் மறைக்கப்பட்டது.

ஆலிவ் யார் என்பது முக்கியம். 1916-ல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் அமெரிக்காவின் முதல் கருத்தடை ஆலோசனை மையத்தைத் திறந்தவர்கள் மார்கரெட் சாங்கரும் அவர் தங்கை எத்தல் பர்னும். அதற்காகக் கைதான எத்தல், சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். அந்த எத்தலின் மகள்தான் ஆலிவ். ஆலிவ் எப்போதும் கையில் அகலமான காப்புகள் அணிந்திருப்பார். டயானாவின் கைக்காப்புக்கு மூலம் அதுதான்.

வரலாற்றாசிரியர் ஜில் லெபோர் 2014-ல் எழுதிய நூல் இந்தக் குடும்பக் கதையையும் பெண் வாக்குரிமை இயக்கத்தையும் ஒன்றாக இணைத்துக் காட்டியது. டயானாவைச் சங்கிலியால் கட்டுவதும், அவள் அதை அறுத்தெறிவதும் ஆரம்பக் கதைகளில் திரும்பத் திரும்ப வரும். வாக்குரிமைக்காகப் போராடியவர்கள் பயன்படுத்திய கார்ட்டூன்களிலும் விலங்கை உடைக்கும் பெண் படம் உண்டு. டயானாவை முதலில் வரைந்த ஓவியர் எச்.ஜி. பீட்டர், வாக்குரிமை ஆதரவுப் படங்கள் வந்த ‘ஜட்ஜ்’ பத்திரிகையில் வேலை செய்தவர்.

இதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் அது பாதி உண்மை. கட்டிப்போடும் காட்சிகள் அந்தக் கதைகளில் அளவுக்கு மீறி வந்தன. அதில் ஆண் பார்வையின் ஆசையும் கலந்திருக்கிறது என்ற புகார் அந்தக் காலத்திலேயே எழுந்தது. பதிப்பாளருக்கு ஆலோசகராக இருந்த குழந்தை நல நிபுணர் ஒருவரும் ஆட்சேபித்தார். உடை போதவில்லை என்று மதம் சார்ந்த அமைப்பு ஒன்று 1942-லேயே கண்டித்தது. ஆக, விடுதலையும் வேடிக்கையும் முதல் நாளிலிருந்தே ஒரே உடம்பில்தான் இருந்தன. இன்றைக்கு நடக்கும் சண்டையின் விதை அதுவே.

உலகைக் காப்பவளுக்குக் கடிதம் எழுதும் வேலை

இப்போ ஒரு வேடிக்கையான தகவல். சூப்பர்ஹீரோக்கள் ஒன்றுசேர்ந்த ‘ஜஸ்டிஸ் சொசைட்டி’ என்ற குழுவில் 1942-ல் டயானாவைச் சேர்த்தார்கள். எந்தப் பொறுப்பில்? செயலாளராக! மற்றவர்கள் போருக்குக் கிளம்ப, தெய்வ பலம் கொண்டவள் அலுவலகத்தில் உட்கார்ந்து கடிதங்களுக்குப் பதில் எழுத வேண்டும். அந்தக் குழுவின் கதைகளை எழுதியது வேறொரு எழுத்தாளர். மார்ஸ்டனுக்கு இது பிடிக்கவில்லை.

தனி இதழில் நிலைமை வேறு. அங்கே வரலாற்றில் சாதித்த பெண்களைப் பற்றி ஒரு தொடர்பகுதி வந்தது. அதைக் கவனித்துக்கொண்டவர் டென்னிஸ் சாம்பியன் ஆலிஸ் மார்பிள். முதலில் இடம்பெற்றவர் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல். காமிக்ஸ் வாங்கிய சிறுமி, கூடவே ஒரு நிஜப் பெண்ணின் வாழ்க்கையையும் படித்தாள்.

1947-ல் மார்ஸ்டன் இறந்துபோனார். கதை ராபர்ட் கனிகரின் கைக்குப் போனது. போர் முடிந்து, தொழிற்சாலைக்கு வேலைக்குப் போன அமெரிக்கப் பெண்களை வீட்டுக்குத் திரும்பச் சொன்ன காலம் அது. டயானாவின் கதைகளிலும் காதல், கல்யாணக் குழப்பம் அதிகமானது. சாதனைப் பெண்கள் பகுதி மறைந்து, அந்த இடத்தில் உலகெங்கும் உள்ள திருமணச் சடங்குகளைப் பற்றிய பகுதி வந்தது. ஒரு பத்திரிகைப் பக்கம் மாறியதில் ஒரு காலமே மாறியது தெரிகிறது, இல்லையா?

1954-ல் மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்த்தாம், காமிக்ஸ் குழந்தைகளைக் கெடுக்கிறது என்று ஒரு புத்தகம் எழுதினார். வொண்டர் வுமன் சிறுவர்களுக்குப் பயமூட்டும் உருவம், சிறுமிகளுக்குத் தகாத முன்மாதிரி என்பது அவர் கருத்து. அதே வருஷம் காமிக்ஸ் நிறுவனங்கள் தங்களுக்குத் தாங்களே கடுமையான தணிக்கை விதிகளைப் போட்டுக்கொண்டன. டயானா இன்னும் அடக்கமான பெண்ணாக ஆனாள்.

சக்தியைப் பிடுங்கியதும் திருப்பி வாங்கியதும்

1968-ல் அடுத்த திருப்பம். எழுத்தாளர் டென்னி ஓ’நீல், ஓவியர் மைக் செகோவ்ஸ்கி இருவரும் டயானாவின் சக்திகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். பழைய உடை போச்சு, கயிறு போச்சு, விமானம் போச்சு. அவள் நாகரிக உடைகள் விற்கும் கடை வைத்தாள். ஒரு முதியவரிடம் தற்காப்புக் கலை கற்றாள்.

இதைச் செய்தவர்கள் வில்லன்கள் இல்லை. பிறவி வரம் இல்லாமல், பயிற்சியால் ஜெயிக்கும் பெண்தான் முற்போக்கு என்று அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள். ஆனா ஒன்றை மறந்துவிட்டார்கள். அதே நிறுவனத்தின் சூப்பர்மேன் அப்போதும் பறந்துகொண்டுதான் இருந்தான். மனுஷியாக இறங்கி வரச் சொன்னது இவளை மட்டும்தான்.

டயானாவைப் படித்து வளர்ந்த சிறுமிகள் அதற்குள் பெரியவர்கள் ஆகிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் குளோரியா ஸ்டைனம். 1972 ஜூலையில் வந்த ‘மிஸ்’ பத்திரிகையின் முதல் வழக்கமான இதழுக்கு அட்டைப்படம் யார்? பழைய உடையில், நகரத்தின் மேல் பிரம்மாண்டமாக நடந்துவரும் வொண்டர் வுமன். அவளை அமெரிக்க அதிபர் ஆக்க வேண்டும் என்ற வாசகத்தோடு! சக்தியைத் திருப்பிக் கொடுங்கள் என்று ஸ்டைனம் நிறுவனத்திடம் வற்புறுத்தவும் செய்தார். 1973 தொடக்கத்தில் சக்தி திரும்பி வந்தது.

வெற்றிதான். ஆனா அதற்கும் ஒரு விலை இருந்தது. அதற்கு முந்தைய இதழை எழுதியவர் சாமுவேல் டிலேனி என்ற கறுப்பின எழுத்தாளர். பெண் ஊழியர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியத்தைவிடக் கம்மியாகக் கொடுக்கும் ஒரு பெரிய கடையை டயானா எதிர்கொள்ளும் கதை அது. தொடர்ந்து இன்னும் பல பகுதிகள் எழுதத் திட்டம் வைத்திருந்தார். சக்தியும் பழைய உடையும் திரும்பிய வேகத்தில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. சின்னம் மீண்டது, சம்பளப் பிரச்சினை பாதியில் நின்றது. டயானாவின் வரலாற்றில் அடிக்கடி பேசப்படாத, ஆனால் பேசியே ஆக வேண்டிய இடம் இது.

எழுதியது யார்?

1975 முதல் 1979 வரை லிண்டா கார்ட்டர் நடித்த தொலைக்காட்சித் தொடர் டயானாவை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. சுழன்று சுழன்று உடை மாறும் அந்தக் காட்சி உலகம் முழுக்கப் பிரபலம். காமிக்ஸ் படிக்காதவர்களுக்கும் அவள் முகம் தெரிந்தது அதற்குப் பிறகுதான்.

ஆனா முகம் தெரிந்த அளவுக்கு, அவளை உருவாக்கிய பெண்களின் பெயர் தெரிந்ததா? 1944-ல் மார்ஸ்டன் தன் மாணவியான ஜாய் ஹம்மல் என்ற 19 வயதுப் பெண்ணை உதவியாளராகச் சேர்த்தார். மார்ஸ்டன் போலியோவால் படுத்தபிறகு ஹம்மல் முழுக் கதைகளையே எழுத ஆரம்பித்தார். மூன்று வருஷத்தில் 70-க்கும் மேற்பட்ட கதைகள். அச்சில் வந்ததோ ‘சார்லஸ் மோல்டன்’ என்ற அதே ஆண் பெயர். ஹம்மலின் பங்களிப்புக்கான பில் ஃபிங்கர் விருது 2018-ல் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 94. 2021-ல் காலமானார்.

டயானாவை ஒரு காமிக்ஸ் இதழில் வரைந்த முதல் பெண் என்று டிரினா ராபின்ஸ் குறிப்பிடப்படுகிறார். வருஷம் 1986. அதாவது, பெண்ணின் பலத்தைப் பேசும் கதாபாத்திரத்தை ஒரு பெண் வரைவதற்கு 45 வருஷம் பிடித்தது. பிறகு 2007-ல் கெயில் சிமோன் எழுத வந்து சுமார் மூன்று வருஷம் தொடர்ந்தார். அட்டையில் பெண் இருப்பதும், ஆசிரியர் மேஜையில் பெண் இருப்பதும் ஒன்றில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சினிமாவில் 76 வருஷக் காத்திருப்பு

சூப்பர்மேனுக்கு 1978-ல் பெரிய படம் வந்துவிட்டது. பேட்மேனுக்கு 1989-ல். டயானாவுக்குத் தனிப் படம் 2017-ல்தான். நடுவில் ‘சூப்பர்கேர்ள்’ (1984), ‘கேட்வுமன்’ (2004), ‘எலெக்ட்ரா’ (2005) என்று வேறு நாயகிகளின் படங்கள் வந்து ஓடாமல் போயின. பெண் சூப்பர்ஹீரோ படம் போணியாகாது என்பதற்கு அவையே ஆதாரமாகக் காட்டப்பட்டன.

இந்தக் கணக்கு ஆண்களுக்கு மட்டும் ஏன் பொருந்தவில்லை? 1997-ல் ‘பேட்மேன் அண்ட் ராபின்’ கேலிக்கு ஆளாகி, தொடரே நின்றது. எட்டே வருஷத்தில் கிறிஸ்டோபர் நோலன் இயக்கத்தில் புதிய பேட்மேன் வந்தான். ஆண் ஹீரோ தோற்றால் ‘இந்தப் படம் சரியில்லை’. பெண் ஹீரோ தோற்றால் ‘பெண்கள் படமே ஓடாது’. ஒருத்தியின் தோல்வியை எல்லோருடைய தோல்வியாகவும் எழுதும் பழக்கம் அலுவலகங்களிலும் உண்டு என்பதால்தான், இது சினிமா செய்தி மட்டும் இல்லை.

‘மான்ஸ்டர்’ (2003) என்ற பேசப்பட்ட படத்தை எடுத்த பேட்டி ஜென்கின்ஸுக்கு அடுத்த திரைப்படம் அமைய 14 வருஷம் ஆனது. அந்தப் படம்தான் ‘வொண்டர் வுமன்’. உலகம் முழுக்க 80 கோடி டாலருக்கு மேல் வசூலித்து, பழைய சாக்கைப் பொய்யாக்கியது. இரண்டு வருஷம் கழித்து ‘கேப்டன் மார்வெல்’ 100 கோடி டாலரைத் தாண்டியது.

அதே 2017-ல் லெபனான் அரசு அந்தப் படத்துக்குத் தடை போட்டது. நாயகி கேல் கடோட் இஸ்ரேலியர். அந்நாட்டு ராணுவத்தில் பணியாற்றியவர். ஒரு இடத்தில் விடுதலையின் முகமாகத் தெரிவது, போரைச் சுமந்த இன்னொரு இடத்தில் அப்படித் தெரியவில்லை. ‘எல்லாப் பெண்களுக்கும்’ என்று ஒரே ஒருத்தியை முன்னிறுத்தும்போது இந்தச் சிக்கலும் சேர்ந்தே வரும். 2020-ல் இரண்டாம் பாகம் வந்தது. ஜென்கின்ஸ் இயக்க வேண்டிய மூன்றாம் பாகம் 2022 டிசம்பரில் கைவிடப்பட்டது.

முதுகைக் காட்டியவர்கள் சொன்னது என்ன?

இப்போ ஐ.நா. விழாவுக்கு வருவோம். ‘வின்னி த பூ’, ‘டிங்கர் பெல்’ போன்ற கற்பனைப் பாத்திரங்களுக்கு அதற்கு முன்பும் ஐ.நா. கௌரவப் பட்டம் கொடுத்ததுண்டு. அப்போதெல்லாம் இவ்வளவு எதிர்ப்பு இல்லை. இந்தமுறை மட்டும் ஏன்?

மனுவில் இருந்த ஒரு காரணம் உடை. அமெரிக்கக் கொடியை நினைவூட்டும், உடம்பை ஒட்டிய குட்டை உடையில் இருக்கும் ஒரு வெள்ளையினப் பெண், உலகச் சிறுமிகள் எல்லோருக்கும் எப்படி அடையாளம் ஆக முடியும் என்று கேட்டார்கள். உடையை வைத்து ஒரு பெண்ணை எடைபோடுவதா என்று ரசிகர்கள் திருப்பிக் கேட்டார்கள். இரண்டு கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. அந்த உடையை அவளே தேர்ந்தெடுக்கவில்லை. பெரும்பாலும் ஆண்கள்தான் வரைந்தார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஆனா உண்மையான கோபம் உடையில் இல்லை, தேதியில் இருக்கிறது. அந்த வருஷம் ஐ.நா. பொதுச்செயலாளர் பதவிக்கு 13 பேர் போட்டியிட்டார்கள். அதில் 7 பேர் பெண்கள். 1945 முதல் அதுவரை ஒரு பெண்கூட அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. இந்தமுறையாவது நடக்கும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். அக்டோபர் 13 அன்று அந்தோனியோ குட்டெரெஸ் முறைப்படி நியமிக்கப்பட்டார். எட்டே நாளில் கற்பனைப் பெண்ணுக்குப் பட்டம் சூட்டும் விழா! ரத்தமும் சதையுமான ஏழு பேருக்குக் கிடைக்காத இடம், காகிதத்தில் வரைந்த ஒருத்திக்குக் கிடைத்தால் யாருக்குத்தான் வலிக்காது?

1942-ல் செயலாளர் வேலை கொடுத்ததற்கும் 2016-ல் தூதர் பட்டம் கொடுத்ததற்கும் அதிக வித்தியாசம் இல்லை. இரண்டிலும் பெண்ணுக்கு மரியாதை உண்டு, முடிவெடுக்கும் அதிகாரம் கிடையாது.

அப்படின்னா வொண்டர் வுமனைத் தூக்கிப் போட்டுவிட வேண்டுமா? வேண்டாம். டயானாவைப் படித்த ஒரு சிறுமிதான் வளர்ந்து பத்திரிகை நடத்தி, அவளுடைய சக்தியையே மீட்டுக் கொடுத்தார். கதைக்கு அந்த பலம் உண்டு. 80 வருஷமாக அவள் தாக்குப்பிடிப்பதற்குக் காரணம் அவளுடைய கைக்காப்பு இல்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் ‘இவள் எங்களுக்கானவள், இப்படிக் காட்டாதீர்கள்’ என்று உரிமையோடு சண்டை போட ஆள் இருந்ததுதான். அந்த வரிசையில் ஸ்டைனமுக்கு இடம் உண்டு என்றால், ஐ.நா.வில் முதுகைக் காட்டி நின்றவர்களுக்கும் உண்டு. அவளை உண்மையாகவே பெரிதாக எடுத்துக்கொண்டதால்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள்.

அடுத்தமுறை ஏதாவது ஒரு நிறுவனம் மகளிர் தினத்துக்கு ஒரு சூப்பர்ஹீரோயின் படத்தைப் போட்டு வாழ்த்துச் சொன்னால், படத்தை ரசிக்கலாம், தப்பே இல்லை. கூடவே மூணே மூணு கேள்வி கேட்டுப் பாருங்க. இதை வரைந்தது யார்? அவருக்கு எவ்வளவு சம்பளம்? முடிவெடுக்கும் அறையில் எத்தனை பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்? தங்கக் கயிறு நம்மிடம் இல்லை. ஆனா கேள்வி கேட்டால் உண்மை கொஞ்சமாவது வெளியே வரும்.